சவேரியோவுக்குச் சாத்திய கதவு

ஒரு தட்டு மொச்சைக்காக ஒரு சூதாட்ட விடுதியையே கைநழுவ விட்டவன் என்று கேன்சஸ் சிட்டியில் என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். ஆனால் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பல்தசாரே கரவெல்லோ. வயது எழுபத்தொன்று. லாஸ் வேகாஸில் மெசா ரோசா விடுதியின் ஆட்டக்கூடத்தை இருபத்திரண்டு வருடம் நடத்தியவன் நான். காகிதத்தில் எனக்கு 'விருந்தினர் நல ஆலோசகர்' என்று பெயர். 1939இல் என்மேல் ஒரு பந்தய வழக்கு இருந்ததால் சூதாட்ட லைசென்ஸ் என் பெயரில் தரமாட்டார்கள். டெக்ஸாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருந்தது. வரவேற்பறைச் சுவரில் அவருடைய படம் தொங்கியது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து பாட்டு நிகழ்ச்சி பார்த்துவிட்டுப் போவார். கூடத்தில் எந்த மேசை எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

என் வேலை நிற்பது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. சீட்டுப் போடுகிறவன் மேசையை விட்டு நகரும்போது எதையும் ஒளிக்கவில்லை என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டவேண்டும். காட்டுகிறானா என்று பார்ப்பேன். காட்ட மறந்தவன் மறுநாள் வேலைக்கு வரவேண்டியதில்லை. குடித்துவிட்டுப் பெண்களிடம் கைநீட்டுகிறவன் செனட்டராக இருந்தாலும் என் ஆட்கள் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போவார்கள். கூடம் கேன்சஸ் சிட்டிப் பெரியவர்களுடையது. நான் அவர்களுடைய ஆள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாவங்களும் செய்திருக்கிறேன். அவை எனக்கும் பாதிரியாருக்கும் இடையில் இருப்பவை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தவனைத் துரத்திய பாவம் கரவெல்லோ குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. 1975 மார்ச் பத்தொன்பது வரைக்கும் கிடையாது.

அந்த வருடத் தொடக்கத்தில் டெக்ஸாஸ்காரர் இறந்துபோனார். சுவரில் தொங்க வேறு முகம் வேண்டும். என் மகன் அகோஸ்டினோ வழக்கறிஞன். முப்பத்துநான்கு வயது, ஒரு போக்குவரத்து அபராதம்கூட இல்லாதவன். அவன் பெயரில் கேட்கலாம் என்று பெரியவர்களிடம் நானே சொன்னேன். சம்மதித்தார்கள். சட்டக் கல்லூரியில் சேரும்போது பெயரைக் 'கார்வெல்' என்று சுருக்கிக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டவன் அவன். கேட்ட வாயை மூடவைத்தவன் நான். விண்ணப்பத்தில் கரவெல்லோ என்று முழுதாக எழுதவைத்தேன். எங்கள் பெயர் போலீஸ் காகிதத்தில் வந்திருக்கிறது, கோர்ட்டுக் காகிதத்தில் வந்திருக்கிறது. ஒரு முறையாவது மரியாதையான காகிதத்தில் வரவேண்டும். எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி லைசென்ஸுக்கான விசாரணை. அதற்குள் ஒரு சின்னக் கறைகூடப் படியக்கூடாது. என் மனைவி நுன்சியா சூசையப்பருக்குப் பொருத்தனை வைத்தாள். மகனுக்கு லைசென்ஸ் கிடைக்கவேண்டும், மார்ச் பத்தொன்பது, அவர் திருநாளன்று வீட்டில் விருந்து மேசை போடுகிறேன் என்று.

சூசையப்பர் மேசை என்றால் எங்கள் சிசிலிக்காரர்கள் வீட்டில் விளையாட்டில்லை. அழைப்பு கிடையாது. மேசை போடுகிறோம் என்று கோயிலில் சொல்லிவிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவனை நீ யார் என்று கேட்கக்கூடாது. தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. மத்தி மீன், மொச்சை, பெருஞ்சீரகத் தழை, வறுத்த ரொட்டித்தூள் தூவிய பாஸ்தா. அந்தத் தூள் தச்சரான சூசையப்பருடைய மரத்தூளுக்காக. ரம்பம் போலவும் சுத்தியல் போலவும் ரொட்டி சுட்டு, மூன்று படி வைத்த மேசையில் அவர் சொரூபத்தைச் சுற்றி அடுக்குவார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. கோயில் பங்கிலுள்ள ஏழைகள் மூன்று பேர் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று திருக்குடும்பமாக வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே இருக்கிற எல்லோரும் சேர்ந்து, "இங்க இடமில்ல, போங்க!" என்று கத்துவோம். இரண்டாம் முறையும் தட்டுவார்கள். "இடமில்ல!" என்று இன்னும் பலமாகக் கத்துவோம். மூன்றாம் முறை தட்டும்போது கதவு திறக்கும். "வாழ்க சூசையப்பர்!" என்று கூவி, அவர்களை மேசைத் தலைப்பில் உட்காரவைத்து முதல் தட்டை அவர்களுக்குக் கொடுப்போம்.

இனி சவேரியோ. சவேரியோ பினெல்லோ என் கும்பாரே, பிள்ளையின் ஞானஸ்நானத்தால் வந்த உறவு. அகோஸ்டினோவுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் அவனைக் கையில் ஏந்தியவன். 1951இல் ஜூரி முன்னால் எங்கள் இருவரையும் நிறுத்தியபோது வாயைத் திறக்காமல் ஆறு வருடம் உள்ளே போனவன். அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் போயிருப்பேன். அகோஸ்டினோ பத்து வயதிலிருந்து பதினாறு வரை அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பான், அப்புறம் எந்தச் சட்டக் கல்லூரி? சவேரியோ வெளியே வந்த பிறகு நெவாடா சூதாட்ட வாரியத்துக்காரர்கள் அவன் படத்தைக் கறுப்புப் புத்தகத்தில் போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் இருப்பவன் எந்தச் சூதாட்டக் கூடத்திலும் கால் வைக்கக்கூடாது. லைசென்ஸ் கேட்கிறவன் அவனோடு ஒரு காபி குடித்தால் போதும், விண்ணப்பம் குப்பைக்குப் போகும்.

பிப்ரவரியில் நானே சவேரியோவுக்கு போன் செய்தேன். "இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் என்னைப் பார்க்க வராதே, கும்பாரே" என்றேன்.

"பையனுக்காகன்னா அடுத்த பிறவி வரைக்கும்கூட வரல" என்றான். சிரித்தான். விஷயம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

திருநாளன்று எங்கள் வீட்டில் நூறு பேருக்கு மேல். மெசா ரோசாவில் பகல் முறை இல்லாத சீட்டுக்காரர்கள், சமையல்காரர்கள், அவர்கள் மனைவிமார், பங்குக் கோயில் பெண்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் காலையிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கார் நின்றது. உள்ளே வாரியத்து இளைஞன் ஒருவன், மடியில் காமிரா. எங்களுக்கு அது புதிதில்லை. அவனவன் வேலையை அவனவன் செய்கிறான்.

ஏழைகள் மூவரும் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் பின்கட்டில் திராட்சை மதுவைக் குடுவைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரமே வந்துட்டாங்கடா, பசி போல!" என்று கூடத்தில் மிம்மோ கத்தினான். மிம்மோ என் கீழே சீட்டாட்டப் பகுதியைப் பார்க்கிறவன், வாயாடி.

"இங்க இடமில்ல, போங்க!" என்று வீடே அதிர்ந்தது. பின்கட்டிலிருந்து நானும் கத்தினேன்.

இரண்டாம் முறை தட்டல். "இடமில்ல! வேற வீடு பாருங்க!" யாரோ தகரத்தைத் தட்டினார்கள், குழந்தைகள் குதித்தார்கள். என் குரல்தான் எல்லோருடையதையும்விடப் பெரிதாக இருந்தது என்று மிம்மோ பிறகு சொன்னான்.

மூன்றாம் தட்டல் கேட்டது. எல்லோரும் "வாழ்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார்கள். கதவு திறக்கவில்லை. வாசலில் நின்றவன் அகோஸ்டினோ. கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, "நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. ஒரு மணிக்கு வரச் சொல்லுவோம். பாஸ்தா இன்னும் வேகல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு மணிக்கு மறுபடி தட்டினார்கள். இந்த முறை நான் கூடத்தில் இருந்தேன். சடங்கெல்லாம் முடிந்து மூவரும் உள்ளே வந்தார்கள். மாதாவாக வந்தவள் திரேசா என்கிற சலவைக்காரி, எழுபது வயது. மேசைத் தலைப்பில் உட்காரவைத்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"வெளியில வாசல் ஓரமா நின்னுட்டிருந்த ஒரு பெரியவர் எங்களுக்கு வழிவிட்டுட்டுப் போனாரு. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். 'எனக்கு இங்க இடமில்லையாம், உங்களுக்கு இருக்கும், தட்டுங்க'ன்னாரு. அவரையும் கூப்பிடுங்களேன், ஐயா."

"எப்படி இருந்தாரு?"

"சாம்பல் தொப்பி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாரு. கையில ஒரு எலுமிச்சைக் கிளை."

சிறையில் உடைந்த கால் அது. எலுமிச்சை அவன் வீட்டு மரத்துடையது. ஒவ்வொரு வருடமும் சூசையப்பருக்குக் கொண்டுவருவான்.

அகோஸ்டினோவைப் பார்த்தேன். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. சட்டையைப் பிடித்து உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"யார்னு தெரிஞ்சுதான் சாத்தினியா?"

"தெரிஞ்சுதான்."

"சூசையப்பர் மேசைடா இது! மேசை போட்ட வீட்டுல கதவைச் சாத்தினவன் எவனாவது உண்டா? அதுவும் உன் ஞானத்தகப்பனை!"

"எதிர்ல காமிரா நிக்குதுப்பா. அவர் உள்ள வந்திருந்தா இருபத்தெட்டாம் தேதி நான் போக வேண்டியதே இல்ல. நீங்கதானே ஒரு கறை படியக்கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டீங்க?"

"வாசல்ல போய் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? முட்டாள்தனமா எல்லாரையும் கத்தவிட்டு, அவனை ஒரு கோமாளியா ஆக்கி..."

"நீங்க போன்ல என்ன சொன்னீங்களோ அதைத்தான் நான் கதவுல சொன்னேன். வராதேன்னு சொன்னது யாரு?"

அறைந்தேன். முப்பத்துநான்கு வயது மகனை. அறைந்ததற்கு எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்பதால் ஓங்கித்தான் அறைந்தேன்.

போனில் நான் சொன்னது என்னைப் பார்க்க வராதே என்பது. திருநாளன்று அவன் என்னைப் பார்க்க வரவில்லை, மேசைக்கு வந்தான். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும். என் மகனுக்குத் தெரியவில்லை. நான் சொல்லித் தரவில்லை என்றால் அந்தக் குற்றமும் என்னுடையதுதான்.

தொப்பிகூட இல்லாமல் தெருவில் இறங்கினேன். எங்கள் தெருவில் யாரும் நடப்பதில்லை, எல்லோரும் காரில் போகிறவர்கள். அதனால் தூரத்தில் தனியாகப் போகிற அந்தச் சாம்பல் தொப்பி நன்றாகத் தெரிந்தது. முனையில் எட்டிப் பிடித்தேன். கிளை அவன் கையிலேயே இருந்தது.

"சவேரியோ! நில்லு!"

நின்றான். மூச்சு வாங்கியது எனக்கு.

"எங்க போற?"

"டாக்ஸி எங்கயாவது கிடைக்குமான்னு பார்க்கறேன். இந்த ஊர்ல நடக்கறவனைப் பார்த்தா போலீஸ் வந்துரும் போலிருக்கு."

"வீட்டுக்கு வா."

"வேண்டாம், கும்பாரே. பையன் செஞ்சது சரி. வெள்ளைக் காகிதம், அழுக்குக் கை படக்கூடாது. நான்தான் கிழவன், திருநாள்னு கால் தானா வந்துருச்சு."

"அவன் செஞ்சது எனக்குத் தெரியாது. மாதா சத்தியமாத் தெரியாது."

"நூறு பேர் கத்தினாலும் உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றான். "ரெண்டு தடவை கேட்டேன். கோபமில்ல. ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. பல்தசாரே இவ்வளவு சந்தோஷமாச் சொல்றானேன்னு."

என் வாழ்க்கையில் என்னை அடித்திருக்கிறார்கள். ஹவானாவில் ஒருவன் கத்தியால் குத்தியிருக்கிறான். இப்படி வலித்ததில்லை.

"சடங்குன்னு நினைச்சுக் கத்தினேன்டா! பின்கட்டுல இருந்தேன்! நீன்னு தெரிஞ்சா கதவையே பேர்த்திருக்க மாட்டேனா?"

"தெரியும். இப்ப தெரியும்." என் தோளைத் தட்டினான். "ஆனா மூணு தடவை தட்டியாச்சு. மூணாவதும் திறக்கலன்னா அந்த வாசல் முடிஞ்சுது. இனிமே அந்தக் கதவுக்குள்ள என்னைக் கூப்பிடாதே. வரமாட்டேன். பிச்சைக்காரன்கூட நாலாவது தடவை தட்டமாட்டான்."

அவன் சொன்னது நியாயம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் கதவுக்குள் கால் வைக்கமாட்டேன். ஆனால் அவனைச் சாப்பிடாமல் அனுப்பவும் முடியாது. நடுத்தெருவில் நின்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

"இங்கயே நில்லு. ஒரு அடி நகர்ந்தே, உன் இன்னொரு காலையும் நானே உடைப்பேன்" என்றேன்.

வீட்டுக்குள் போய் மிம்மோவைக் கூப்பிட்டேன். "எட்டுப் பேரைக் கூட்டிக்கோ. மேசையைத் தூக்குங்க."

"எந்த மேசைய?"

"சூசையப்பரை, ரொட்டியை, மீனை, எல்லாத்தையும். வெளியே புல்தரையில கொண்டு போய்ப் போடுங்க."

"காமிராக்காரன் எதிர்லயே நிக்கறான், பாஸ்."

"அவனுக்கும் பசிக்கும். தூக்கு."

மிம்மோ வாயாடிதான், ஆனால் என் முகத்தைப் பார்த்து எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரிந்தவன். கோட்டைக் கழற்றினான். எங்கள் சீட்டுக்காரர்கள் சொரூபத்தை முதலில் எடுத்தார்கள். பிறகு படிகளை, ரொட்டிகளை, பாஸ்தா அண்டாக்களை. நுன்சியா சமையலறை வாசலில் துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள். பொருத்தனை அவளுடையது. லைசென்ஸுக்காக வைத்த பொருத்தனை.

"சவேரியோவா?" என்றாள்.

"ஆமா."

"வெளியில வச்சுக் கொடுத்தா போச்சே, லைசென்ஸ்."

"போச்சு."

கையிலிருந்த துணியைத் தோளில் போட்டாள். பிறகு மொச்சைப் பாத்திரத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தாள். "கதவைச் சாத்தின வீட்டுக்கு அந்தப் பெரியவர் எதைத்தான் கொடுப்பாரு?" என்று சொல்லிக்கொண்டே போனாள். சூசையப்பரையா சவேரியோவையா சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இடம் போதாமல் ஒரு மேசையைக் கார் நிற்கும் பாதையின் குறுக்கே போட்டார்கள். மிம்மோவை அனுப்பி சவேரியோவைக் கூட்டிவரச் செய்தேன். புல்தரையில் கதவு இல்லை, தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவன் தொப்பியைக் கழற்றி சொரூபத்தின் காலடியில் எலுமிச்சைக் கிளையை வைத்தான். திரேசா தன் நாற்காலியை நகர்த்தித் தனக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுத்தாள். முதல் தட்டு மொச்சையை நுன்சியா அவன் முன்னால் வைத்தாள். நான் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். எதிரே காமிரா சொடுக்கும் சத்தம் தெருவின் இந்தப்பக்கம் வரை கேட்டது. நன்றாக விழட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

அந்த இளைஞனுக்கும் ஒரு தட்டு எடுத்துப்போனேன். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான்.

"எங்களுக்கு அனுமதி இல்லை சார். ஒரு காபிகூட வாங்கக்கூடாது."

"வந்தவனுக்குக் கொடுக்கணும். எங்க சட்டம். நீ வாங்கிக்க வேண்டாம், இங்க வச்சுட்டுப் போறேன்" என்று கார் முன்மூடியின்மேல் தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அகோஸ்டினோ வெளியே வந்தான். கையில் சாவி, கக்கத்தில் விண்ணப்பக் கோப்பு. கன்னம் சிவந்திருந்தது.

"மேசையை நகர்த்தச் சொல்லுங்க. கார் எடுக்கணும்."

"சாப்பாடு முடியட்டும்" என்றேன்.

"அப்பா, நான் இந்தப் படத்துல இருக்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. நான் வீட்லயே இல்ல, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிப் பார்க்கலாம்."

"இவன் யாருன்னு கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

நூறு பேர் முன்னால் சொன்னான். கோயில் பெண்கள் முன்னால், சலவைக்காரி முன்னால்.

சவேரியோ கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். "பையனுக்கு வழி விடுங்கப்பா. அவசரம் போல" என்று தன் நாற்காலியை இழுக்கத் தொடங்கினான்.

"உட்காரு சவேரியோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மதுக் குடுவை ஆடியது. "ஒரு ரொட்டித்துண்டுகூட நகராது. போறவன் சுத்திப் போகட்டும்."

அகோஸ்டினோ நின்றான். ஞானத்தகப்பனைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். இரண்டு அடி எடுத்து வைத்துக் குனிந்து அந்தக் கிழவன் கையைத் தொட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். அவன் கோப்பை எடுத்து முகத்துக்குப் பிடித்துக்கொண்டான். செடிகளை மிதித்து, மேசைகளைச் சுற்றி, தெருவில் இறங்கி நடந்தான். காரிலிருந்த இளைஞன் ஒரு படம் எடுத்தான். முகம் மறைத்த படம் எதற்கு உதவும் என்று தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை நடக்கவில்லை. அவனே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டான். கேன்சஸ் சிட்டியிலிருந்து போன் வந்தது. "ஒரு கிழவன் பசிக்கு எங்க கூடத்தையே வித்துட்டியே, பல்தசாரே" என்றார்கள். "அந்தக் கிழவன் உங்களுக்காகவும்தான் ஆறு வருஷம் வாயை மூடினான்" என்றேன். அடுத்த திங்கட்கிழமை முதல் நான் கூடத்துக்கு வரவேண்டாம் என்றார்கள். அவர்களிடமும் எனக்குக் கோபம்தான். வாயை மூடியவனை மறக்க அவர்களுக்குப் பதினெட்டு வருடம் போதுமாக இருந்திருக்கிறது.

அகோஸ்டினோவின் கார் எங்கள் வாசலில் பதினொரு நாள் நின்றது. யாரையும் தொட விடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஃபீனிக்ஸிலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தான், இழுத்துப் போக. ஒரு கடிதம்கூட இல்லை. சங்கிலியை மாட்டிக்கொண்டே அந்த ஆள், "உங்க பையனோட வண்டியா சார்? நல்லா வச்சிருக்காரு" என்றான்.

"வண்டியை எடு" என்றேன்.